உப்புக்கிணறு: இரண்டாம் பாகம்

படம் ஆரம்பித்து இருபது நிமிடம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. மடியில் குறிப்பேடு, கையில் பேனா. இருட்டில் எழுதிப் பழகிய கை, ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறாமல் தானாகவே கீழே இறங்கிக்கொள்ளும். இந்த இருபது நிமிடத்தில் மூன்றே வரி. ஒலி நன்று. அம்மாவாக நடிப்பவர் நன்று. தண்ணீர் நன்று. தண்ணீர் நன்று என்றால் என்ன என்று சாயங்காலம் எழுத உட்காரும்போது எனக்கே புரியாமல் போகலாம், போகட்டும். திரையில் அந்த அம்மா குழாயைத் திறந்து தம்ளரில் தண்ணீர் பிடிக்கிறாள், ஒரு வாய் குடிக்கிறாள், அப்படியே நிற்கிறாள். கரிக்கிறது. அவள் சொல்லவில்லை, பின்னணி இசையும் சொல்லவில்லை, கழுத்து மட்டும் லேசாக உள்வாங்குகிறது. எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண், கல்லூரியில் படிக்கிறவளாக இருக்கும், பக்கத்தில் இருக்கும் தோழியின் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறாள். நான் எழுதுகிறேன்: 22 நிமிடம், தம்ளர், பயம். அவளை வைத்துத்தான் இன்றைக்கு இந்தப் படத்துக்கு விமர்சனம் எழுதப்போகிறேன். அவள் எங்கே பிடித்துக்கொள்கிறாளோ அங்கே படம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கே போனை எடுத்துப் பார்க்கிறாளோ அங்கே இல்லை. என்னிடம் சொந்தமாக எதுவும் இல்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், சும்மா, யாருக்கும் தெரியாமல். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது எப்படி அடிக்குமோ அப்படி அடித்துக்கொண்டிருக்கிறது. வலது பக்கம் என் கணவர் சகாயராஜ். பாப்கார்னை ஒவ்வொன்றாக எடுத்து, திரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வாயில் போடுகிறார். அவருக்கும் பயமில்லை. ஆனால் அவருக்குப் பயம் இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, டாக்டர் படம் வரைந்து காட்டிய காரணம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

முதல் பாகம் வந்தபோது இதே திருச்சியில், இதைவிடப் பழைய தியேட்டர் ஒன்றில் பார்த்தோம். நான்கு வருடம் இருக்கும். உப்பளத்துக்கு நடுவில் ஒரு குடியிருப்பு, அங்கே மாற்றலாகி வரும் குடும்பம், அப்பா, அம்மா, ஒரு சின்னப் பெண், கொல்லையில் பலகை போட்டு மூடிய கிணறு. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ ஒரு வாய் தண்ணீர் கேட்பது அந்தக் குழந்தைக்கு மட்டும் கேட்கும். அவ்வளவுதான் கதை. கேட்கிறவள் யார், எப்படிச் செத்தாள், ஏன் கிணற்றுக்குள் இருந்துகொண்டே தண்ணீர் கேட்கிறாள், ஒன்றையும் சொல்லவில்லை. கடைசிவரை அவளைக் காட்டவும் இல்லை. பலகை ஒரு விரற்கடை நகர்ந்தது, படம் முடிந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிற மனுஷன் அந்த இடத்தில் என் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "மாதாவே" என்று தியேட்டர் முழுக்கக் கேட்கிறமாதிரி சொல்லிவிட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் கொல்லைப்புறக் குளியலறைக்குத் தனியாகப் போகவில்லை. நான் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். "இருக்கியா ஜெசி?" "இருக்கேன்." "சத்தம் காட்டிக்கிட்டே இரு." என்ன சத்தம் காட்டுவது, வாய்பாடு சொல்லுவேன். பதின்மூன்றாம் வாய்பாட்டில் எங்காவது தடுமாறினால் சோப்பு நுரைக்கு நடுவிலிருந்து திருத்துவார். பேய்க்குப் பயந்த ஆள், தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு நூற்று நாலு என்று திருத்துகிற ஆள். படம் முடிந்து தில்லைநகரில் ஒரு டீக்கடையில் நின்றபடி எப்போதும் போல எனக்கு வகுப்பெடுத்தார். "பேயைக் காட்டலை பாரு, அதான் ப்ளஸ்." "மைனஸ்?" "இன்னொரு பாகம் எடுப்பானுங்க, அதான் மைனஸ்." அதைத்தான் நான் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தேன். என் பெயரில் வந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன் என்று நிறையப் பேர் கடிதம் போட்டார்கள். எத்தனையோ விமர்சனம் அப்படித்தான், அவர் வாயில் வந்ததை நான் வாக்கியமாக்கினேன், யாரும் கண்டுபிடித்ததில்லை, அவரும் கேட்டதில்லை.

போன வாரம் பத்திரிகை ஆசிரியர் பூவராகன் போன் செய்தார். "முதல் பாகத்துக்கு நீங்க எழுதினதை இன்னும் சொல்லிக்கிட்டிருக்காங்கம்மா. ரெண்டாவதுக்கும் நீங்கதான் எழுதணும்." நான் பேய்ப்படம் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது என்றேன். "சாருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். எல்லோரும் கேட்கிற மாதிரி, பதில் சுருக்கமாக வரவேண்டும் என்ற கவலையோடு. "இருக்காரு" என்றேன். அவர் நிம்மதியாக நானூறு வார்த்தை, நிறை பாதி, குறை பாதி, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் என்று சொல்லி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக் காட்சி. வழக்கமாக அவரைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு லூர்து அக்கா பேத்தி காதுகுத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் தனியாக விட முடியாது. கூட்டிக்கொண்டு வந்ததற்கு அதுதான் காரணம் என்று அக்காவிடம் சொன்னேன், பூவராகனிடம் சொன்னேன், மாதா படத்தைப் பார்த்தும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. இந்தக் கிணற்றைப் பார்த்தால், இந்தக் குரலைக் கேட்டால், எங்காவது ஒரு இடத்தில் அவர் கை என் தலைப்புக்கு வருகிறதா என்று. இதுவரை வரவில்லை. பாப்கார்ன் டப்பா பாதி காலியாகிவிட்டது. திரையில் ஆறாவது மாடி அடுக்குவீடு, கிணறே இல்லாத ஊர், குழாயில் வரும் தண்ணீர் அம்மாவுக்கு மட்டும் கரிக்கிறது. வளர்ந்துவிட்ட மகளுக்கு முதல் பாகத்தில் நடந்தது எதுவும் நினைவில்லை. "நீதானேடி சொன்ன, கிணத்துக்குள்ள யாரோ தண்ணி கேக்குறாங்கன்னு" என்று அம்மா கேட்கிறாள், மகள் "நானா?" என்கிறாள். இது நல்ல இடம். முன்வரிசைப் பெண் அசையவில்லை, ஆனாலும் இது நல்ல இடம் என்று எனக்குத் தெரிகிறது. ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து பயந்தது ஒருத்திக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது. பேனாவை எடுத்து நிறை என்று எழுதி, கோடு போட்டுவிட்டு, அதற்குமேல் எழுதாமல் விட்டுவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாவது நாள் காலையில் என்னைப் பார்த்து, "டீச்சர், ஹெட்மாஸ்டர் வந்துட்டாரா?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் ஐந்து நாள் என்ன வியாதி என்றே யாருக்கும் தெரியவில்லை. அந்த ஐந்து நாளில் நான் பட்ட பயம் இருக்கிறதே, ஒரு ஆயுளுக்குப் போதும். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் பயம், போன் அடித்தால், அடித்து நின்றால், நர்ஸ் என் முகத்தைப் பார்த்தால், பார்க்காமல் போனால். ஆறாம் நாள் டாக்டர் ஒரு பெயர் சொன்னார், மூளைக்காய்ச்சலில் ஒரு வகை, காகிதத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியதும் பயம் பாதியாகக் குறைந்தது, குறைந்த இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை. நாற்பத்தொரு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது அதே டாக்டர் மண்டையோடு வரைந்து, உள்ளே இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு வட்டம் போட்டார். "பாதாம் பருப்பு அளவுதாம்மா இருக்கும். பயம்னு ஒண்ணு வருதுல்ல, அது இங்கேர்ந்துதான் வருது. இவருக்கு அது அடிபட்டிருக்கு." "அப்ப இனிமே பயப்பட மாட்டாரா?" "மாட்டாரு." "நல்லதுதானே டாக்டர்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "இல்லம்மா" என்றார். ஏன் இல்லை என்பது வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்தது. கொதிக்கிற எண்ணெயில் கிடக்கிற வடையை விரலால் எடுக்கப் போனார். பேருந்துக்கு எதிரே நிதானமாக நடந்தார். யார் கூப்பிட்டாலும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவருக்கு வரவேண்டிய பயமெல்லாம் எனக்கு வந்தது. இரண்டு ஆளுக்கான பயம். அடுப்படியில், வாசலில், தூக்கத்தில். அதோடு இன்னொன்று. காபி கொடுத்தால் "தேங்க்ஸ்" என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில், பிள்ளை இல்லாத வீட்டில் நாங்கள் போடாத சண்டை இல்லை, ஒரு தடவைகூட அவர் காபிக்கு தேங்க்ஸ் சொன்னதில்லை. லாட்ஜில் தங்குகிறவர் மாதிரி இருந்தார், நல்ல மனிதராக, தொந்தரவு இல்லாமல்.

அந்தப் பயம் எப்போது எனக்கும் நின்றுபோனது என்று தேதி சொல்ல முடியும். போன சித்திரை, ஒரு செவ்வாய்க்கிழமை. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. வாசலில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்று, எட்டித் தொட்டியின் குழாயை மூடிக்கொண்டிருந்தார். காலுக்கடியில் அரையடி அகலச் சுவர், ஈரம் வேறு. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அவருடைய பனியனை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினேன். பிறகு தலையணை உறை. அதற்கும் கிளிப். அவர் இறங்கி வந்து, "மூடிட்டேன்" என்றார். "சரி" என்றேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போதுதான், நான் அவர் பெயரைக்கூடக் கூப்பிடவில்லையே என்று நினைப்பு வந்தது. வந்தது, சாம்பார் ஊற்றினேன், போனது. பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. என்ன பாவம் என்று சாமியாரிடம் சொல்வது, துணி காயப்போட்டேன் என்றா?

ஒரு மணி நேரம் தாண்டியதும் படம் கெட்டுப்போகிறது. பக்கத்து வீட்டுக்காரராக ஒரு நகைச்சுவை நடிகர் வருகிறார், பேயைப் பேயென்று தெரியாமல் சிலிண்டர் போடுகிறவள் என்று நினைத்துப் பேசுகிறார். தியேட்டர் சிரிக்கிறது, சிரித்த தியேட்டரை மறுபடி பயமுறுத்த இரண்டு மடங்கு சத்தம் தேவைப்படுகிறது. குறை என்று எழுதுகிறேன். சத்தம் என்று எழுதுகிறேன். பாதிரியார் ஒருவர், மந்திரவாதி ஒருவர், இரண்டு பேரும் ஒரே ஹாலில், யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று சமமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், ஒருவருக்குச் சிலுவை, ஒருவருக்கு எலுமிச்சம்பழம். பிறகு முன்கதை. கிணற்றில் இருப்பவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உப்பள முதலாளி வருகிறார், அவள்மேல் கண் வைக்கிறார், கிணற்றில் தள்ளுகிறார். தள்ளும்போது அவள் முகத்தைக் காட்டுகிறார்கள், அழகான பெண், கண்ணில் மை. முதல் பாகத்தில் என் புருஷனைக் குளியலறைக் கதவுக்கு உள்ளேயிருந்து கத்தவைத்தவள் இவள்தானா? இவளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பரிதாபப்படுவதற்கா இங்கே வந்தோம்? முன்வரிசைப் பெண் போனை எடுத்துவிட்டாள், அவள் முகத்தில் நீல வெளிச்சம். பேய் யாரென்று தெரிந்ததும் அது ஒரு கேஸ் ஆகிவிடுகிறது, யாரோ செய்த தப்பு, யாரோ கொடுக்க வேண்டிய நியாயம். பெயர் தெரியாத ஐந்து நாள் என் நினைவுக்கு வருகிறது, வராந்தா வருகிறது, செருப்புச் சத்தம் வருகிறது. அதையெல்லாம் தூரத்திலிருந்து பார்க்கிறேன். யாருடைய ஆஸ்பத்திரியோ. முன்கதை பாதியில் நிற்கிறது, இடைவேளை என்று எழுத்து விழுகிறது, விளக்கு எரிகிறது.

"பாத்ரூம்" என்கிறார் அவர். "நான் வரவா?" "எங்கன்னு தெரியும்." படத்துக்கு வரும்போதே அவரை அழைத்துப்போய்க் காட்டியிருந்தேன், வாசலுக்கு வெளியே இடது பக்கம், இரண்டு கதவு தாண்டி. "நம்ம சீட்டு எது?" என்று கேட்டேன், தேர்வு வைப்பதுபோல. "ஜி வரிசை, ஏழு" என்றார். பிழை இல்லை. எழுந்து, குனிந்து தம் இடத்தைப் பார்த்துக்கொண்டு, படிக்கட்டில் மேலே ஏறி, கதவைத் தள்ளிக்கொண்டு போனார். நீலச் சட்டை. நான் போய் நிற்க வேண்டும், கதவுக்கு வெளியே, எப்போதும் அப்படித்தான் நிற்பேன், மாலில், ஆஸ்பத்திரியில், கோயிலில், ஆண்கள் கழிப்பறைக்கு வெளியே நிற்கிற பெண்பிள்ளையை எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பழகிவிட்டது. இன்றைக்கு எழவில்லை. காலை நீட்டினேன். நன்றாக இருந்தது. பக்கத்தில் ஆளில்லாத இருக்கையின் கைப்பிடியில் கையை வைத்தேன். அதுவும் நன்றாக இருந்தது. விளம்பரங்கள் ஓடின. நகைக்கடை, வீட்டுமனை, மறுபடி நகைக்கடை. ஆட்கள் பப்ஸும் குளிர்பானமுமாகத் திரும்பி வந்தார்கள். விளக்கு அணைந்தது. படம் தொடங்கியது.

அவர் வரவில்லை. ஜி ஏழு காலியாக இருக்கிறது, பாப்கார்ன் டப்பா மட்டும் உட்கார்ந்திருக்கிறது. திரையில் முன்கதையின் மிச்சம், உப்பளத்தில் ஒரு பாட்டு, வெள்ளை மேடுகளுக்கு நடுவே அந்தப் பெண்ணும் ஒருவனும். குறை: பாட்டு. எழுதுகிறேன். எழுதி முடித்துவிட்டுப் போகலாம். இந்தச் சரணம் முடியட்டும். கழிப்பறையில் கூட்டம் இருக்கும். கூட்டம் இருக்காது, மற்றவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வெளியே போய்விட்டிருப்பார். மின்படிக்கட்டில் இறங்கினால் மாலின் வாசல், வாசலில் சாலை, சாலையில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போகிற பேருந்துகள், நிற்காமல், ஒன்றன்பின் ஒன்றாக. அவர் நிதானமாக இறங்குவார். வலதுபுறம் பார்க்க மாட்டார். நான் இதையெல்லாம் நினைக்கிறேன், தெளிவாக, ஒரு காட்சிக்கு அடுத்த காட்சியாக. நெஞ்சு ரேஷன் கடை வரிசையில் நிற்கிறது. கூட்டம் கூடியிருக்கும். யாராவது சட்டைப்பையைப் பார்ப்பார்கள், பையில் என் நம்பர் எழுதிய அட்டை இருக்கிறது. போன் வரும். "நீங்க யாரும்மா அவருக்கு?" நான் எழுந்து நடப்பேன். பிறகு எல்லாரும் வருவார்கள், கும்பகோணத்திலிருந்து அவர் அக்கா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், லூர்து அக்கா. பிறகு எல்லாரும் போவார்கள். பிறகு ஒரு காலை. அந்தக் காலையில் வீட்டில் யாரும் இல்லை. அடுப்பு அணைந்திருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, திறந்திருந்தால் என்ன? ஒரு தம்ளர் காபியோடு சன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். காபி நன்றாக இருக்கிறது. இங்கேதான் நான் நிற்கிறேன். இந்த இடத்தில் நினைப்பு நகரமாட்டேன் என்கிறது. அந்தக் காபியின் சூடு விரலில் தெரிகிறது. எத்தனை நாளாக இந்தச் சன்னல் எனக்குள் இருந்தது? பாட்டு முடிந்து, அவளைக் கிணற்றில் தள்ளி, பலகை போட்டு மூடி, மறுபடி அடுக்குவீட்டுக்கு வந்துவிட்டார்கள். முன்வரிசைப் பெண் திரும்பி, காலி இருக்கையைப் பார்த்து, என்னைப் பார்த்து, திரும்பிக்கொள்கிறாள். அவள் பார்த்த பிறகுதான் எழுந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். தானாக எழவில்லை.

வெளியே வெளிச்சம் கண்ணில் குத்தியது. நீளமான நடை, சுவர் முழுக்க வரப்போகிற படங்களின் முகங்கள், தரைவிரிப்பில் உதிர்ந்த பாப்கார்ன். கழிப்பறை வாசலில் நின்று "ஏங்க" என்றேன். இன்னொரு முறை, கொஞ்சம் உரக்க. துடைப்பத்தோடு ஒருவர் எட்டிப் பார்த்து, "உள்ள யாருமில்லம்மா" என்றார். அவர் போனுக்கு அடித்தேன், என் கைப்பையிலேயே அது அதிர்ந்தது. நடையின் கோடியில் கண்ணாடிச் சுவர், அதில் நின்று கீழே பார்த்தால் சாலை. பார்த்தேன். பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. கூட்டம் எதுவும் இல்லை. ஒரு பூக்காரம்மா, ஆட்டோக்கள், வெயில். கூட்டம் இல்லை என்றதும் எனக்கு என்ன வந்தது? ஒன்றும் வரவில்லை. நிம்மதி என்று ஒன்று வந்திருக்க வேண்டும், அதற்கு ஒரு நிமிடம் இடம் கொடுத்து நின்றேன், வரவில்லை. டிக்கெட் கிழிக்கும் இடத்தில் சீருடை போட்ட பெண் ஒருத்தி, சட்டையில் செவ்வந்தி என்று பெயர். "நீலச் சட்டை போட்டவரு, கொஞ்சம் உயரமா, வெளிய போனாரா?" அவள் யோசிக்கவே இல்லை. "இன்டர்வெல்ல பாத்ரூம் போனாரே, அவரா? திரும்பி வந்துட்டாரும்மா. எந்தக் கதவுன்னு கேட்டாரு, நான்தான் காட்டுனேன். அப்பவே உள்ள போயிட்டாரு." "எப்ப?" "விளக்கு அணைச்சதும்."

விளக்கு அணைத்ததும் என்றால் பாட்டுக்கு முன்பு. நான் கதவைத் தள்ளி உள்ளே நின்றேன். கண்ணுக்கு இருட்டு பழக நேரமானது. கதவுக்குப் பக்கத்திலேயே கடைசி வரிசை, அதில் ஓரத்து இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் மாதிரி. வெளியே போகும்போது அவரைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், கதவை மட்டும் பார்த்துக்கொண்டு. அங்கிருந்து பார்த்தால் ஜி வரிசை நேர் கீழே தெரிகிறது. என் குறிப்பேடு என் இருக்கையில் திறந்து கிடந்தது, வெள்ளையாக. திரை வெளிச்சம் மாறும்போதெல்லாம் அதுவும் மாறியது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "இங்க என்ன பண்றீங்க?" என்றேன், மெதுவாக.

"இருட்டா இருந்துச்சு. வரிசை தெரியல. இங்க உக்காந்துட்டேன்."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நீ தெரிஞ்ச. இங்கேர்ந்து நல்லாத் தெரிஞ்ச."

"எவ்வளவு நேரமா பாத்துக்கிட்டிருக்கீங்க?"

அவர் யோசித்தார். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் உண்மையாக யோசிக்கிறார். "பாட்டுக்கு முன்னாடிலேர்ந்து. நான் வரலைன்னு நீ திரும்பிப் பாப்பேன்னு நெனச்சேன். நீ எழுதிக்கிட்டிருந்த. அப்புறம் எழுதல. சும்மா உக்காந்திருந்த."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. பரிசோதனைக்கூடத்தில் கண்டதைக் கண்டபடி எழுதச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த குரல். திரையில் அந்த அம்மா சமையலறைக்கு வருகிறாள். இசையை நிறுத்திவிட்டார்கள். ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியும், படத்தில் மூழ்கிப்போனேன் என்று சொன்னால் நம்புவார், எதைச் சொன்னாலும் நம்புகிறார். "நான் எந்திரிக்கல" என்றேன்.

"ஆமா."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

மறுபடி யோசித்தார். திரையில் தம்ளர் நிறைகிற சத்தம் மட்டும். "களைப்பா இருந்திருக்கும்" என்றார். "நீ ரொம்ப நாளா உக்காரவே இல்ல."

இரண்டு வருடத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம். சாப்பாட்டைப் பற்றி, மழையைப் பற்றி, குழாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். உள்ளே இவ்வளவு நாளும் ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாரா, லாட்ஜ்காரர் மாதிரி தேங்க்ஸ் சொல்லிக்கொண்டு, நான் உட்காராமல் ஓடுவதையெல்லாம் பார்த்துக்கொண்டு? அப்படியென்றால் மொட்டைமாடியிலிருந்து கீழே பார்த்தபோது? நான் கிளிப் மாட்டியதைப் பார்த்திருப்பாரா? கேட்கலாம். கேட்டால் சொல்வார், கண்டதைக் கண்டபடி. கேட்க வாயைத் திறந்தேன், பல் ஒன்றோடொன்று மோதியது. முதலில் எனக்கு என்னவென்று விளங்கவில்லை. பிறகு முழங்கால், பிறகு கை. நெஞ்சு எங்கோ படி தவறிக் கீழே கீழே விழுந்துகொண்டிருந்தது. காலிச் சன்னலும் காபியும் தெரிந்தன. இப்போது அந்தக் காபி கையைச் சுட்டது. அவர் அந்த வீட்டில் எங்கும் இல்லை. குளியலறையில் இல்லை, மாடியில் இல்லை, நான் எத்தனை வாய்பாடு சொன்னாலும் திருத்துகிறவர் இல்லை. இதையா நான் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாட்டு முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன்?

அவர் என் முழங்காலைப் பார்த்தார். "குளிருதா? ஏசி ஜாஸ்தி."

"இல்ல. பயமா இருக்கு."

அவர் திரையைப் பார்த்தார். அந்த அம்மா தம்ளரை வாயருகே கொண்டுபோகிறாள், அவளுக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருக்கிறது. தியேட்டர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ண மூடிக்க" என்றார். "நான் பாத்துக்கிட்டிருக்கேன். முடிஞ்சதும் சொல்றேன்."

மூடிக்கொண்டேன்.